புகார்க் கடற்கரையிற் காதல்

காவிரி கடலோடு கலக்குமிடத்தில் விளங்கிய புகார், பழந்தமிழகத்தின் பெருந் துறைமுகங்களுள் ஒன்று. ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருள்களும் அதன் துறையில் நிறைந்திருந்தன எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் 301 அடிகளில் இயற்றிய அந்நூலின் தலைவன், அத்தகைய நகரமே தனக்கு உரிமையாகக் கிடைப்பினும் காதலியைப் பிரிந்து வரமாட்டேன் என்கின்றான். நகரத்தின் செல்வத்தை ஒரு தட்டிலும் காதலை மறுதட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்த பாட்டு அது.

அந்நகரத்துக் காதல் நான்கு சுவர்களுக்குள் அடங்கியதன்று. முழுமதி நாளில் பரதவர் மீன்பிடிக்கச் செல்லாது, மனைவியரோடு மணற்பரப்பிற் கூடி உண்டும் ஆடியும் மகிழ்ந்தனர். கடலிலே நீராடி, உப்புப் போக ஆற்றிலும் படிந்தனர். இந்திர விழா 28 நாள் நடைபெற்றது. விழாவின் முடிவில் ஊரே கடலாடத் திரண்டது. வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர், அப்பம் சுடுவோர், மீன் விற்போர் ஆகியோர் ஏற்றிய விளக்குகள், வெண்மணலில் வீழ்ந்த வெண்கடுகையும் காணத்தக்க ஒளியைத் தந்தன என்று இளங்கோவடிகள் வருணிக்கின்றார்.

ஆயின், ஒளி மிகுந்த இடத்திற் கண்களும் மிகுதி. கண்கள் மிகுந்த இடத்தில் நாவுகளும் மிகுதி. புன்னை நிழலிலும் தாழை மறைவிலும் காதலர் சந்தித்த செய்தி, முதலில் வாய்க்குள் முணுமுணுக்கப்படும், அஃது அம்பல். பின்னர் ஊரறியப் பேசப்படும், அஃது அலர். திருவள்ளுவரும் அலருக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். அலர் காதலை வளர்க்கும் எனப் புலவர் கூறினர். எனினும் அதன் சுமை இருவர்க்கும் ஒத்ததன்று. காதல் கைகூடாத ஆடவன் எருக்கமாலை சூடிப் பனைமடற் குதிரையேறித் தெருவிலே தன் காதலைப் பறைசாற்றலாம்; பெண்ணுக்கு அவ்வழி இல்லை எனத் தொல்காப்பியம் விலக்கியது. அலர் எழுந்தபின் வீட்டிற்குள் அடைக்கப்பட்டவள் அவளே.

இவ்வேற்றுமையின் விளைவைச் சிலப்பதிகாரத்திற் காணலாம். கடலாடும் நாளன்று வைகறையில் கோவலன் கோவேறு கழுதை மீதும், ஆடல்மகள் மாதவி வண்டியிலும் ஏறிக் கடற்கரை சேர்ந்தனர். புன்னை நிழலில் ஓவியத் திரை சூழ்ந்த இருக்கையில் அமர்ந்தனர். யாழை வாங்கிய கோவலன் ஒரு பெண்ணை வியந்து பாடினான். அவன் உள்ளம் வேறொருத்தியிடம் சென்றதென மாதவி ஐயுற்றாள். தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாடினாள். அவன் அதனை உண்மையென்றே கொண்டு, அவளை அங்கேயே விட்டு எழுந்து சென்றான். அவள் தனியே வண்டியேறி மனை புகுந்தாள். திரைக்கு வெளியே ஊர் முழுதும் விழாக் கொண்டாட, உள்ளே ஒரு வாழ்வு முறிந்தது. உன் உள்ளத்தில் யார் எனும் ஒரு கேள்வியை இருவரில் ஒருவர் நேரே கேட்டிருப்பின் போதும். பாட்டு அழகாயிருந்தது, அதனாலேயே கேள்வி எழவில்லை.

இதற்கு மறுபுறம் கண்ணகி நிற்கின்றாள். கடற்கரைக்கு அருகிலுள்ள இரு குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டத்தை வழிபடின் கணவனோடு கூடி வாழலாம் எனத் தோழி தேவந்தி கூறினாள். அது பெருமை தருவதன்று எனக் கண்ணகி மறுத்துவிட்டாள். தன் துயரை ஊர் அறியும் காட்சியாக்க அவள் உடன்படவில்லை.

பிரிந்தபின் மாதவி தாழை மடலில் முடங்கல் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பினாள். கூல வாணிகர் தெருவில், பலர் நடமாடும் இடத்தில், அது கோவலனிடம் நீட்டப்பட்டது. அவளது அன்பும் ஆடல்மகளின் நடிப்பே எனக் கூறி அவன் ஏற்க மறுத்தான். இரண்டாம் முடங்கல் மதுரைக்குச் செல்லும் வழியில், விழாவும் கூட்டமும் இல்லாத தனிமையில், கோசிகன் என்னும் அந்தணன் கையால் வந்து சேர்ந்தது. அதனை அவன் படித்தான்; மாதவி குற்றமற்றவள் என்பதையும் குற்றம் தன்னுடையதே என்பதையும் உணர்ந்தான். ஆயினும் திரும்பிச் செல்லும் காலம் கடந்துவிட்டது; மதுரையில் அவனுக்கு மரணம் காத்திருந்தது.

புகாரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறுகின்றது. கடற்கரை காதலர்க்கு இடம் தந்தது, இசை தந்தது, நிலவும் தந்தது. ஒருவரையொருவர் நம்பும் உறுதியை மட்டும் அவர்களே கொண்டுவர வேண்டியிருந்தது. அது குறைந்த அன்று, ஆயிரம் விளக்குகளின் நடுவிலும் கோவலனும் மாதவியும் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை.