விடுப்பில் வரும் தொண்டர்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பென்ஷனைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். அந்த விஷயத்தில் என்னைவிட விவரம் அறிந்தவர்கள் இந்த ஹாலில் முப்பது பேராவது இருக்கிறீர்கள். ஆகவே அவருடைய அனுமதியோடு, நம் குடும்பங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நம் குழந்தைகள் படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வெளிநாடு போவது பழைய கதை. இப்போது அங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் பேத்திகள் சிலர், கைநிறையச் சம்பளம் வாங்கும் வயதில், "இரண்டு வருஷம் சேவை செய்யப் போகிறேன்" என்று ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் புறப்படுகிறார்கள். புறப்படும்போது என்ன சொல்லி அனுப்புவது என்று நமக்குத் தெரியும். இடையில் இரண்டு வாரம் வீட்டுக்கு வரும்போது அவர்களை எப்படி நடத்துவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. என் சொந்தப் பேத்தி விஷயத்தில் இதைக் கூடவே இருந்து பார்த்தேன்.

அவள் சேர்ந்த அமைப்பின் பெயர் பீஸ் கோர். எழுத்துக்கூட்டிப் படித்தால் "கார்ப்ஸ்" என்றுதான் வாயில் வரும், உச்சரிப்பது "கோர்". 1987இல் இலங்கைக்குப் போன நமது அமைதிப் படைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜனாதிபதி கென்னடி 1961 மார்ச் 1ஆம் தேதி ஒரு நிர்வாக உத்தரவின் மூலம் இதை ஆரம்பித்தார். அமெரிக்கப் பிரஜையாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. நம் தேசத்துக்கும் 1961 முதல் 1976 வரை 4,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் வந்தார்கள். கோழி வளர்ப்பு, விவசாயம், பள்ளிக்கூடம், சுகாதாரம் என்று பல துறைகளில் வேலை செய்தார்கள். சைக்கிளில் போன வெள்ளைக்கார இளைஞரை அந்த நாளில் பார்த்த ஞாபகம் உங்களில் சிலருக்கு இருக்கலாம்.

விடுப்பு விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய அரசாங்க உத்தியோகஸ்தன் வேறு எங்கே ஆரம்பிப்பான்? மொத்த சேவைக் காலம் சுமார் 27 மாதம். அதில் முதல் 3 மாதம் பயிற்சி, மீதி 2 வருஷம் பணி. பணிக்காலத்தில் மாதத்துக்கு 2 நாள் வீதம் விடுப்பு சேரும். நமக்கு ஈட்டிய விடுப்பு மாதத்துக்கு இரண்டரை நாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அவர்கள் நம்மைவிடச் சிக்கனம் என்று தெரியும். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 48 நாள்தான். பணியின் முதல் 3 மாதத்திலும் கடைசி 3 மாதத்திலும் சாதாரணமாக அதை எடுக்க முடியாது. வீட்டுக்கு வர டிக்கெட் சொந்தச் செலவு, எல்.டி.சி. எதுவும் கிடையாது. கிராமத்து வாழ்க்கைத் தரத்துக்கு ஏற்றபடிதான் படி கொடுக்கிறார்கள் என்பதால், பல வீடுகளில் டிக்கெட் வாங்குவது அப்பா அம்மாதான்.

மிக நெருங்கிய உறவினர் இறந்தாலோ, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தாலோ அவசர விடுப்பு உண்டு. அந்தப் பிரயாணச் செலவை அமைப்பே ஏற்றுக்கொள்ளும். மூன்றாவது வருஷமும் இருக்க ஒப்புக்கொள்பவர்களுக்கு, இடையில் ஒரு மாதம் வீட்டுக்குப் போய்வரத் தனியாக விடுப்பும் டிக்கெட்டும் தருகிறார்கள்.

இன்னொரு விதிதான் முக்கியமானது. எந்தத் தொண்டரும் எந்த நாளிலும் ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். கட்டாயம் எதுவும் இல்லை. கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. இடையில் வீட்டுக்கு வரும் அந்த இரண்டு வாரம் கஷ்டமாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

என் பேத்தி ஸாம்பியாவில், லுவாபுலா மாகாணத்தில் ஒரு கிராம சுகாதார நிலையத்தில் வேலை செய்தாள். குழந்தைகளை எடை பார்ப்பது, தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிச் சொல்வது, கொசுவலை உபயோகத்தைக் கவனிப்பது ஆகியவை அவள் பொறுப்பு. பணியில் ஒரு வருஷம் முடிந்து, 24 நாள் விடுப்பு சேர்ந்ததும், 2024 ஜூனில் 16 நாள் எடுத்துக்கொண்டு நியூஜெர்ஸிக்கு வந்தாள். நானும் என் மனைவியும் அப்போது மகன் வீட்டில் இருந்தோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராமத்திலிருந்து லுசாகா வர பஸ்ஸில் ஒரு நாள். அங்கிருந்து விமானம் மாறி வீடு வந்து சேர இன்னொரு நாள். திரும்பிப் போகவும் அதே. 16இல் 4 போனால் மிச்சம் 12. கோடைக்காலத்தில் ஸாம்பியாவுக்கும் நியூஜெர்ஸிக்கும் 6 மணி நேர வித்தியாசம். உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே முதல் ஐந்தாறு நாள் அவள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் தூங்கி வழிந்தாள். வந்தவர்களோ, "பாவம், ஆப்பிரிக்காவில் எப்படி இளைத்துப்போய்விட்டாள்!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தூக்கமாவது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். மனம் அத்தனை சீக்கிரம் நேர மண்டலம் மாறுவதில்லை. வெளிநாட்டில் தங்கப் போகிறவரின் மனநிலை முதலில் உற்சாகமாக இருந்து, பிறகு பள்ளத்தில் இறங்கி, மீண்டும் மேலே ஏறுகிறது என்று லிஸ்கார்ட் என்ற நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் 1955இல் எழுதினார். ஆங்கில எழுத்து "யூ" வடிவம். 1963இல் கல்லஹார்ன் தம்பதியர், சொந்த ஊருக்குத் திரும்பும்போதும் இதே மாதிரி ஒரு பள்ளம் வருகிறது என்று சொல்லி, அதை "டபிள்யூ" வடிவமாக்கினார்கள். எல்லோருக்கும் பொருந்தும் விதி இது அல்ல என்று பிற்காலத்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் விடுப்பில் வருகிறவர் இரண்டு பள்ளங்களையும் இரண்டே வாரத்தில் பார்த்துவிடக்கூடும் என்பது என் அனுமானம்.

ஒரு உதாரணம். அம்மா பாத்திரம் தேய்க்கும்போது குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். பெண் பேசாமல் போய்க் குழாயை மூடுவாள். இது நாலு தடவை நடந்ததும், "இந்த வீட்டில் நான் செய்வதெல்லாம் தப்பா?" என்று என் மருமகளுக்கு மனம் வருந்திவிட்டது. பெண்ணோ யாரையும் குறை சொல்ல நினைக்கவில்லை. அந்தக் கிராமத்தில் ஒரு வாளித் தண்ணீரில் குளியலும் துணி அலசுவதும் முடிந்துவிட வேண்டும். கை தானாகக் குழாயை நோக்கிப் போகிறது.

இதில் ஓர் ஆச்சரியம். அவள் சொன்னதை அப்பா அம்மாவைவிட நாங்கள் இரண்டு கிழங்களும்தான் நன்றாகப் புரிந்துகொண்டோம்! கிணற்றில் தண்ணீர் சேந்துவது, அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது, கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது எல்லாம் எங்கள் பாலிய வயசு. நியூஜெர்ஸியில் வளர்ந்த பெண் ஸாம்பியா வழியாக என் மாமியார் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்துவிட்டாள். கீரையை வேர்க்கடலைப் பொடியோடு வேகவைத்து "இஃபிசாஷி" என்று ஒரு பதார்த்தம் செய்து காட்டினாள். என் மனைவி அதில் கடுகு தாளித்தாள். பேத்தி ஆட்சேபிக்கவில்லை. அந்தக் காலை மூன்று மணிகளில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததுதான் அவளுக்கு அந்த விடுப்பில் கிடைத்த நிஜமான ஓய்வு என்று நினைக்கிறேன். ஆகவே தாத்தா பாட்டிகளே, நமக்கு இதில் வேலை இருக்கிறது.

இனி கடினமான பகுதிக்கு வருகிறேன். அந்த வருஷம் மார்ச்சில் என் மகனுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்றைக்கே பெண்ணுக்குத் தெரிவித்தார்கள். இரண்டு நாளில் அவன் வீடு திரும்பிவிட்டதால் அவள் உடனே புறப்பட்டு வரவில்லை. ஜூனில் வந்தவள் திரும்பிப் போக நாலு நாள் இருக்கும்போது, சாப்பாட்டு மேஜையில் என் மருமகள் கண்ணீரோடு கேட்டுவிட்டாள்: "ஒரு வருஷம் பண்ணினது போறாதா? அப்பா இப்படி இருக்கும்போது நீ போகத்தான் வேணுமா?"

ஒரு தாய் கேட்கக்கூடாத கேள்வி அல்ல அது. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ராஜினாமாக் கடிதத்துக்கு ஒரு பக்கம்கூட வேண்டாம் என்பது அவளுக்கும் தெரியும்.

என் மனைவிதான், "அங்கே உனக்காக யாரு காத்துண்டிருக்கா?" என்று கேட்டாள். பேத்தி யோசித்து, தன் அமெரிக்கத் தமிழில், "பாட்டி, முதல் வருஷம் என் பாஷையை அவா சகிச்சுண்டா. இப்போதான் நான் சொல்றது அவாளுக்குப் புரியறது. இப்போதான் வேலையே ஆரம்பம்" என்றாள். அந்த மாதத்து எடை பார்க்கும் நாள் எது, எந்தெந்தக் குழந்தைகள் போன தடவை எடை குறைந்திருந்தன என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில் நோயாளியே தீர்ப்பு சொன்னான்: "நான் மாத்திரை சாப்பிடறதுக்குப் பக்கத்துல பொண்ணு எதுக்கு? வாரம் ஒரு தரம் போன் பண்ணினா போறும்." மருமகள் அழுதுகொண்டேதான் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். ஆனால் அடுக்கினாள். அவளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்படி அனுப்புவதில் என்ன லாபம் என்று கேட்கலாம். 2020 மார்ச் 15ஆம் தேதி, கொரோனா காரணமாக, 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்த சுமார் 7,000 தொண்டர்களையும் அந்த அமைப்பு திரும்ப அழைத்தது. அதன் சரித்திரத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. பலருக்குச் சில நாட்கள்தான் அவகாசம். சிலருக்கு அதுவும் இல்லை. மறுபடி தொண்டர்கள் வெளிநாடு போனது 2022 மார்ச்சில்தான். முதலில் போன நாடுகளில் ஸாம்பியாவும் ஒன்று. வீடு பத்திரம்தான், குடும்பம் பக்கத்தில்தான். ஆனால் விடைபெறாமல் வந்த வேலை மனதில் முடிவதில்லை. என் பேத்தி 2025 மே மாதத்தில் பணியை முடித்து, ஊராரிடம் முறையாக விடைபெற்றுக்கொண்டு வந்தாள். எந்தப் பாரமும் இல்லாமல் வந்தாள்.

இது இளைஞர்களின் சமாசாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிற்பாடு ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர் 1966இல், தமது 68ஆவது வயதில், பீஸ் கோர் தொண்டராக நம் பம்பாய்க்கு வந்தார். விக்ரோலியில், கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்பில் நர்ஸாக வேலை செய்தார். சுமார் 21 மாதம் இருந்தார். பேத்தி ஏமி 1967 அக்டோபர் 19ஆம் தேதி பிறந்தபோது பாட்டி இந்தியாவில்தான் இருந்தார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1977இல் புத்தகமாகவே வெளிவந்தன. கடிதமே வீடாக இருந்த காலம் அது.

முடிவாகச் சில நடைமுறை யோசனைகள்.

முதலாவது, ஆரோக்கியம். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வருகிறவர், வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று தடுப்பு மாத்திரையை நிறுத்தக்கூடாது. டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோக்வின் ஆகியவற்றை அந்தப் பகுதியை விட்டு வந்தபின் 4 வாரமும், அடோவாகோன்-புரோகுவானில் மாத்திரையை 7 நாளும் தொடர வேண்டும். ஜுரம் வந்தால், எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இரண்டாவது, கென்யா, உகாண்டா, கானா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து நேரே நம்மைப் பார்க்க இந்தியா வருகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் ஆயுள் முழுவதும் செல்லும். அது இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குப் பதில், 6 நாள் வரை தனிமை முகாமில் இருக்க நேரிடும்.

மூன்றாவது, நாட்களை நிரப்பாதீர்கள். பன்னிரண்டு நாளில் பதினெட்டு வீட்டு விருந்து வேண்டாம். பார்க்க விரும்புகிறவர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அழைத்துவிடுங்கள். "எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருந்தது" என்ற பதில்தான் வரும். "காலையில் எழுந்ததும் என்ன செய்வாய்? தண்ணீர் எங்கேயிருந்து வரும்? பக்கத்து வீட்டில் யார்?" என்று கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள்.

நாலாவது, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உள்ளதை உள்ளபடி, உடனே சொல்லுங்கள். மறைத்தால், அதற்கப்புறம் நீங்கள் "எல்லோரும் சௌக்கியம்" என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் குழந்தை கவலைப்படும்.

கடைசியாக, திரும்பும் தேதியை யாரும் தொட வேண்டாம். தங்குவதா, போவதா என்பது அந்தக் குழந்தையின் தீர்மானம். போகிறேன் என்றால், நாம் செய்ய வேண்டியது பெட்டியை எடை போட்டுக் கொடுப்பதும், ஊறுகாய் பாட்டிலின் மூடியை இறுக்குவதும், வாசல் வரை சிரித்த முகத்தோடு வருவதும்தான்.