வேகம் காக்கும் விசை

நெடுந்தூரம் மோட்டார் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். முதலில் சோர்ந்துபோவது கண்ணும் அன்று, கையும் அன்று, வலது காலே. கை அவ்வப்போது இடம் மாறிக்கொள்ளும். கண்ணும் இங்குமங்கும் திரும்பும். ஆனால் ஆக்ஸிலரேட்டர் மிதியின் மேல் வைத்த கால் மட்டும் அழுத்தவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல், அரைகுறை அழுத்தத்தில் மணிக்கணக்காகத் தவம் கிடக்க வேண்டும். இந்தத் தவத்திலிருந்து காலை விடுவிக்கும் ஒரு சாதனத்தைப் பற்றியும், அது இல்லாமல் வாங்கிய வண்டியில் பின்னர் அதைப் பொருத்திக்கொள்வதைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். ஆங்கிலத்தில் அதனைக் குரூஸ் கண்ட்ரோல் என்பார்கள். தமிழில் வேகம் காக்கும் விசை என்று வைத்துக்கொள்வோம்.

இதன் மூதாதை நீராவி யந்திரத்தில் பிறந்தது. 1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம் யந்திரத்தில் சுழலும் இரு இரும்புக் குண்டுகளைப் பொருத்தினார். யந்திரம் வேகமாகச் சுழன்றால் குண்டுகள் விலகி மேலே எழும். எழுந்தால் நீராவி வரும் வழி குறுகும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும், வழி அகலும். யந்திரமே தன்னைக் கண்காணித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்தத் தத்துவம்தான் இன்றைய மோட்டார் வண்டியிலும் வேலை செய்கிறது. குண்டுகளின் இடத்தில் கணிப்பொறி வந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

மோட்டார் வண்டிக்கு இதனைப் பயன்படும் வடிவில் கொண்டுவந்தவரின் வரலாறு கேட்பதற்கு வியப்பானது. அவர் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர் என்னும் பொறியியலாளர். ஐந்து வயதில் நேர்ந்த ஒரு விபத்தில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். பார்வையற்ற ஒருவர், வண்டி ஓட்டுவோர் அனைவருக்கும் உதவும் கருவியை எப்படி எண்ணினார்? அவருடைய வழக்கறிஞர் ஓட்டும் வண்டியில் அவர் செல்வதுண்டாம். அந்த வழக்கறிஞர் பேசும்போது வண்டி மெதுவாகும். பிறர் பேச்சைக் கேட்கும்போது விரையும். பார்வையுள்ளவர்கள் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். டீட்டரின் உடலோ ஒவ்வொரு குலுக்கலையும் கணக்கு வைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ரப்பரையும் பெட்ரோலையும் சேமிப்பதற்காக அமெரிக்க அரசு மணிக்கு 35 மைல் என்று வேக வரம்பு விதித்திருந்தது. ஒரே வேகத்தில் செல்ல வேண்டியதன் அருமை அப்போது அவருக்கு மேலும் புலப்பட்டது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1950-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் வண்டிகள் சிலவற்றில் அந்தச் சாதனம் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

இனி அது இயங்கும் விதத்தைப் பார்ப்போம். ஓட்டுநர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஒரு பொத்தானை அழுத்துகிறார். கணிப்பொறி அந்த எண்ணை மனத்தில் இருத்திக்கொள்கிறது. பிறகு கணந்தோறும் வண்டியின் உண்மையான வேகத்தை அந்த எண்ணோடு ஒப்பிடுகிறது. மேட்டில் ஏறும்போது வேகம் 78 ஆகக் குறைந்தால், எஞ்சினுக்குக் காற்று செல்லும் வாயிலைச் சற்றுத் திறக்கிறது. அதுவும் போதாமல் குறை நீடித்தால், அந்தக் குறையைக் கூட்டிக் கூட்டி வைத்துக்கொண்டு மேலும் திறக்கிறது. இறக்கத்தில் இதற்கு நேர்மாறு. பிரேக்கைத் தொட்டவுடன் எல்லாவற்றையும் கைவிட்டு ஓட்டுநரிடமே பொறுப்பை ஒப்படைக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பற்றிக்கொள்வது எந்தச் சாதனத்துக்கும் எளிது. கேட்டவுடன் விடுவதுதான் அரிது. இந்தச் சாதனத்தின் முழு நாணயமும் அது விடுவதில்தான் இருக்கிறது.

சரி, இந்த வசதி இல்லாத வண்டியில் பின்னால் இதைப் பொருத்த முடியுமா? முடியும். ஆனால் வண்டியைப் பொறுத்து வேலை வேறுபடும். பழைய வண்டிகளில் மிதியிலிருந்து எஞ்சினுக்கு ஓர் எஃகுக் கம்பிவடம் செல்லும். அங்கே அந்த வடத்தை இழுப்பதற்கு வெற்றிடத்தாலோ மின்மோட்டாராலோ இயங்கும் ஒரு தனிக் கருவியைப் புதிதாகப் பூட்ட வேண்டும். வேகத்தை அறிய ஏற்பாடு செய்ய வேண்டும். அது பெரிய வேலை. பிற்கால வண்டிகளில் அந்த வடமே கிடையாது. மிதியின் நிலையை மின்னுணர்வான்கள் அளந்து கணிப்பொறிக்குச் சொல்கின்றன. கணிப்பொறி சொற்படி சிறிய மோட்டார் ஒன்று காற்று வாயிலைத் திறந்து மூடுகிறது. வாயிலைத் திறக்கும் கை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. வேகத்தை அறியும் கண்ணும் இருக்கிறது. ஓட்டுநரின் விருப்பத்தைச் சொல்லும் பொத்தான்தான் இல்லை.

இதற்குக் காரணம் வணிகம். விலை கூடிய மாடலுக்கு ஒரு கணிப்பொறி, குறைந்த மாடலுக்கு வேறொரு கணிப்பொறி என்று இரண்டு வகை செய்வதைவிட ஒரே வகையைச் செய்து எல்லாவற்றிலும் வைப்பது உற்பத்தியாளருக்குச் சிக்கனம். ஆகையால் விலை குறைந்த வண்டி பலவற்றில் இந்தத் திறமை உறங்கிக்கொண்டிருக்கிறது. டொயோட்டா வண்டிகள் சிலவற்றில் ஸ்டீயரிங்கின் பின்னால் ஒரு சிறு நெம்புகோலைப் பொருத்தி, காத்திருக்கும் இணைப்பில் செருகினாலே அது விழித்துக்கொள்ளும். வோக்ஸ்வாகன் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட நான்காம் தலைமுறை கோல்ஃப் வண்டியில் இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. அந்த வேலையை நான் ஜெர்மனியில் அருகிலிருந்து பார்த்தேன்.

என் மைத்துனர் அந்நாட்டில் பல ஆண்டுகளாக வாழ்கிறார். வேலை நிமித்தம் நாள்தோறும் நெடுஞ்சாலையில் வெகுதூரம் ஓட்டுபவர். கணுக்காலில் அடிபட்ட பிறகு, அரைமணி நேரம் மிதியில் கால் வைத்தால் வலி முழங்கால் வரையில் ஏறும். புது வண்டி வாங்க வசதி இடம் தரவில்லை. பழைய கோல்ஃப் வண்டியிலேயே இந்தச் சாதனத்தைப் பொருத்திக்கொள்வது என்று முடிவு செய்து, ஒரு சிறிய தொழிற்கூடத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றார். இயந்திரவியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கும் ஆவல்தான்.

மெக்கானிக் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பிறகு வேலையைத் தொடாமல் பொறுமையாகக் காத்திருந்தார். ஸ்டீயரிங்கின் நடுவே, மோதலின்போது வெடித்து விரியும் காற்றுப்பை இருக்கிறதல்லவா? அதற்குரிய மின்சாரம் பேட்டரியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் தேங்கியிருக்கக்கூடும். அது வடிந்த பிறகே பையைக் கழற்றி, முகம் மேல்நோக்கி இருக்கும்படி தனியே வைத்தார். சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங் இருந்த நிலையை அடையாளமிட்டு எடுத்தார். இடப்புறம் திரும்பும் விளக்கின் நெம்புகோலுக்குப் பதிலாக, வேகப் பொத்தான்கள் கொண்ட அதே நிறுவனத்தின் நெம்புகோலை வைத்தார். அந்த வண்டியில் கம்பிகள் முன்கூட்டியே போடப்படவில்லை. ஆகவே ஸ்டீயரிங்கின் அடியிலிருந்து, முன்கண்ணாடியின் கீழே உள்ள அறையில் இருக்கும் எஞ்சின் கணிப்பொறி வரையில் புதுக் கம்பிகளை இழுத்தார். எல்லாவற்றையும் பழையபடி பூட்டிய பின், சோதனைக் கருவியை இணைத்து ஐந்து இலக்க எண் ஒன்றைத் தட்டினார். உறங்கிய திறமைக்கு அதுதான் திருப்பள்ளியெழுச்சி.

ஆனால் அது எழவில்லை. சோதனைக் கருவியின் திரையைப் பார்த்து மெக்கானிக் காரணத்தைக் கண்டுகொண்டார். கிளட்ச் மிதிக்கு மேலே ஒரு சிறு சுவிட்ச் உண்டு. ஓட்டுநர் கிளட்ச்சை அழுத்தினாரா என்று கணிப்பொறிக்குச் சொல்வது அதன் கடமை. தேய்ந்துபோன அந்தச் சுவிட்ச், மிதியை யாரும் தொடாதபோதும் அழுத்தியிருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. கிளட்ச் அழுத்தியிருக்கும்போது வேகத்தைப் பற்றிக்கொள்ளலாகாது என்பது விதி. கணிப்பொறி விதிப்படி மறுத்துவிட்டது.

மறுநாள் விடியலில் என் மைத்துனர் வேலையின் பொருட்டுத் தொலைவிலுள்ள ஓர் ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தது. புதிய சுவிட்ச் கிடைக்க இரண்டு நாள் ஆகும். “அத்தான், அந்த இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டால் கிளட்ச் எப்போதும் விட்டபடியே இருப்பதாகக் கணிப்பொறி நம்பிவிடும். பலர் அப்படிச் செய்கிறார்கள். நீங்கள் இவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். சாதனம் வேலை செய்திருக்கும், கால்வலியும் மிஞ்சியிருக்கும். ஆனால் ஒரு நெருக்கடியில் அவர் கிளட்ச்சை மட்டும் அழுத்தினால் என்ன ஆகும்? எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறும். வேகம் குறைவதைக் கண்ட கணிப்பொறி, கிளட்ச் அழுத்தப்பட்டதை அறியாமல், காற்று வாயிலை மேலும் மேலும் திறக்கும். சுமை இல்லாத எஞ்சின் வெறிகொண்டு சுழலும். அந்த அலறலில் திடுக்கிடும் ஓட்டுநர் என்ன செய்வார் என்று யாரால் சொல்ல முடியும்?

மெக்கானிக் வாதாடவில்லை. தலையை அசைத்து, முடியாது என்று ஒரு சொல் சொன்னார். நானும் மைத்துனரிடம், “வேண்டாம், தம்பி. நாளைக்கு ஒருநாள் கால் வலிக்கட்டும்” என்றேன். அவருக்கு வருத்தம்தான். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டியதாகத் திரும்பி வந்து சொன்னார். புதுச் சுவிட்ச் வந்த பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மூவரும் சென்று சோதித்தோம். வேகத்தைப் பற்றவைத்து, பிரேக்கை விரல் நுனியால் தொடுவதுபோல் மெல்லத் தொட்டோம், விட்டது. கிளட்ச்சைத் தொட்டோம், விட்டது. பொத்தானால் நிறுத்தினோம்; விட்டது. ஒவ்வொன்றையும் பலமுறை செய்து பார்த்த பிறகுதான் மெக்கானிக் கூலியை வாங்கிக்கொண்டார்.

நேயர்களில் எவரேனும் தம் வண்டியில் இதைப் பொருத்த எண்ணினால் நான் சொல்லக்கூடியவை சிலவே. அதே மாடலில் விலை கூடிய வண்டிக்கு உற்பத்தியாளர் இந்த வசதியைத் தந்திருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். தந்திருந்தால் அவருடைய உறுப்புகளையே பயன்படுத்துங்கள். பிரேக் சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும் நல்ல நிலையில் உள்ளனவா என்று பொத்தான் வாங்கும் முன்பே சோதியுங்கள். பிரேக் சுவிட்சில் சாதாரணமாக இரண்டு தொடர்புகள் இருக்கும். அழுத்தும்போது ஒன்று மூடிக்கொண்டு பின்விளக்கை ஏற்றும்; மற்றொன்று திறந்துகொண்டு கணிப்பொறிக்கு அறிவிக்கும். இரண்டும் ஒத்துப் பேசுகின்றனவா என்று கணிப்பொறி பார்க்கிறது. ஒரு சாட்சி பொய் சொன்னாலும் மற்றொரு சாட்சி காட்டிக்கொடுக்கும். இந்த இரட்டைக் காவலைக் குறுக்கு வழியால் ஏமாற்றுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. காற்றுப்பையைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை தெரிவித்துவிடுங்கள்.

பொருத்திய பிறகும் எல்லை உண்டு. மழை பெய்து நீர் தேங்கிய சாலையில் இதைப் பயன்படுத்தலாகாது. சக்கரம் வழுக்கும்போது வேகத்தைக் காப்பது ஆபத்தைக் காப்பதாகும். வளைவு நிறைந்த மலைப்பாதைக்கும், ஆடுமாடுகளும் சிறுவர்களும் குறுக்கே வரும் ஊர்ச்சாலைக்கும் இது ஏற்றதன்று. முன்வண்டியை ரேடாரால் அறிந்து தானே இடைவெளி விடும் சாதனங்கள் இன்று இருக்கின்றன. அவை வேறு இனம். அவற்றுக்குரிய உணர்வான்களும் பிரேக்கை இயக்கும் ஏற்பாடும் இல்லாத வண்டியில் ஒரு பொத்தானால் அவை வந்துவிடா. நாம் பேசிய எளிய விசைக்குக் கண் கிடையாது. எதிரே லாரி நின்றாலும் அது தன் 80-ஐயே எண்ணிக்கொண்டிருக்கும்.

கால் ஓய்வு பெறும்போது மனமும் ஓய்வுக்கு ஆசைப்படுவது இயல்பு. அங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். காலுக்கு இந்த விசை தருவது ஓய்வு. கண்ணுக்கும் கருத்துக்கும் அது தருவது கூடுதல் பொறுப்பு. வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை குறைந்ததால் மிஞ்சும் கவனத்தைச் சாலைக்குச் செலுத்துகிறவருக்கே இது துணை. பார்வையற்ற ஒருவர் தம் உடலுணர்வால் கண்டுபிடித்துத் தந்த கருவியைப் பார்வையுள்ள நாம் கண்ணைத் திறந்துகொண்டு பயன்படுத்துவது, அவருக்கு நாம் செய்யும் மரியாதையுமாகும்.