மரவள்ளி மாவுப்பூச்சியை இனம் பிரித்தறிதல்



மரவள்ளிக் கொல்லையில் நுனிக்குருத்து சுருண்டு, கணுக்கள் குறுகி, இலைகள் கொத்தாகத் திரண்டு, அவற்றின் அடியில் வெள்ளை மாவு படிந்திருக்கக் கண்டால் குடியானவர் அதனை மாவுப்பூச்சி என்று ஒரே பெயரால் அழைப்பது வழக்கம். பெயர் ஒன்றாயினும் பூச்சி ஒன்றன்று. பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியிலும் ஏறும். மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி வேறொன்று உண்டு. ஒன்றை அழிக்கும் குளவி மற்றொன்றைத் தீண்டாது. ஆதலால் இனம் தவறினால் குளவியும் வீண், காலமும் வீண். இப்பிழை ஒரு கண்டத்திற்கே நேர்ந்ததுண்டு.

1970-களின் தொடக்கத்தில் இப்பூச்சி தென்னமெரிக்காவினின்றும் ஆப்பிரிக்காவின் காங்கோ பிரதேசத்திற் புகுந்தது. கிழங்கு மகசூலில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை சேதம் விளைந்த இடங்களுண்டு. அங்கே அதுவே ஏழை ஜனங்களின் அன்றாட உணவு. 1977-இல் மத்தீல்-ஃபெரெரோ என்னும் பிரெஞ்சு அம்மையார் அதற்குப் பீனகாக்கஸ் மானிஹோட்டி என்று பெயரிட்டார். பகைவனைப் பூச்சியின் தாயகத்தில் தேடுவதே முறை. தென்னமெரிக்காவின் வடபாகத்தில் மரவள்ளியின்மேல் அதே சாயலுள்ள மாவுப்பூச்சி அகப்பட்டது. அதன்மேல் வாழ்ந்த குளவிகளைச் சோதித்ததில் அவை ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. காரணம் கண்ணாடிச் சில்லில் விளங்கிற்று. 1981-இல் காக்ஸ், வில்லியம்ஸ் என்னும் இருவர் வடபாகத்துப் பூச்சி தனி இனமென்று காட்டி, பீனகாக்கஸ் ஹெரெனி என்று பெயரிட்டனர். உயிருள்ளபோது ஆப்பிரிக்கப் பூச்சி இளஞ்சிவப்பு, ஆணின்றிப் பெண் மட்டுமே பெருகுவது. மற்றது மஞ்சள், ஆணும் உண்டு. ஸ்பிரிட்டில் இட்ட பின்னரோ நிறத்தை நம்புவதற்கில்லை.

ஆகவே உடலைத் திறந்தே பார்க்கவேண்டும். பூச்சியோ எள்ளினும் சிறியது. வளர்ந்த பெண்பூச்சியை எடுத்து நுண்ணிய ஊசியால் விலாவில் ஒரு கீறல் இடுவர். காஸ்டிக் பொட்டாஷ் நூற்றுக்குப் பத்துப் பங்கு கரைந்த நீரில் அதனை இட்டு இளஞ்சூடு காட்டினால் உள்ளிருக்கும் தசையும் கொழுப்பும் கரையும். அவற்றைக் கீறல் வழியே மெல்ல அழுத்தி வெளியேற்றினால் தோல் மட்டும் கண்ணாடிபோல் எஞ்சும். கொதிக்கவிட்டால் தோல் கெடும். அவசரக்காரருக்கு இவ்வேலை ஆகாது. பின்னர் நீரிற் கழுவி, ஆசிட் ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயமேற்றி, ஸ்பிரிட்டால் ஈரம் போக்கி, கிராம்புத் தைலத்தில் தெளியவைத்து, கனடா பால்சம் துளியில் பரப்பி மெல்லிய கண்ணாடியால் மூடுவர். பால்சம் இறுக வாரக்கணக்காகும்.

இனி மைக்ராஸ்கோப்பில் எண்ணும் வேலை. பப்பாளி மாவுப்பூச்சியின் உணர்கொம்பில் எட்டுக் கணுக்கள். மரவள்ளிப் பூச்சிக்கு ஒன்பது. பின்னதன் உடலோரத்தில் முட்கொத்துகள் பதினெட்டு ஜோடி. மானிஹோட்டியையும் ஹெரெனியையும் பிரிப்பது இன்னும் கடினம். தோலிலுள்ள நுண்துளைகளின் தொகையையும் இருப்பிடத்தையும் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

அதே 1981-இல் உண்மைப் பூச்சி பராகுவே தேசத்தில் கிடைத்தது. அதன்மேல் வாழும் லோபெசி என்னும் குளவி அவ்வாண்டின் இறுதியிலேயே நைஜீரியாவில் விடப்பட்டு, பின் பல தேசங்களிற் பரவிப் பூச்சியை அடக்கிற்று. அம்முயற்சியை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

நமது நாட்டிலோ முதலில் வந்தது பப்பாளிப் பூச்சி. 2008-இல் கோயம்புத்தூரில் தோன்றிய அதனை 2010-இல் வருவித்த குளவிகள் அடக்கின. 2020-இல் திருச்சூரில் மரவள்ளிப் பூச்சி காணப்பட்டு, பின் சேலம், நாமக்கல் கொல்லைகளிலும் புகுந்தபோது அந்தப் பழைய குளவிகளால் பயனில்லை. பெனின் தேசத்திலிருந்து லோபெசி தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

சந்தேகமுள்ள கொல்லையிலிருந்து மாதிரி அனுப்பும் அங்கத்தினர், பூச்சியை விரலால் நசுக்காமல் இலையோடு நறுக்கி, முக்கால் பங்கு வலிவுள்ள ஸ்பிரிட்டுப் புட்டியில் இடுக. ஸ்பிரிட்டில் மைப்பேனா எழுத்து கரையும். ஆகையால் ஊரும் தேதியும் செடியின் பெயரும் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே போடுக. ஒரே புட்டியில் இரண்டு கொல்லைப் பூச்சிகளைக் கலக்கலாகாது. மருந்தடிப்பதற்கு முன்னரே மாதிரி எடுப்பது நலம். இலைமேல் உப்பி இறுகிய கூடுகள் இருப்பின் அவற்றைத் தனியே காற்றுப்புகும் டப்பியில் வைத்தால், குளவி ஏற்கெனவே வந்திருக்கிறதா என்பதும் சில நாட்களில் தெரியவரும்.