உடன்பிறந்தார் வருகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தில்லியில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் ஆண்டுக்கொரு முறையேனும் நிகழும் ஒன்றைக் குறித்தே இன்று பேச விழைகின்றோம். ஊரிலிருந்து உடன்பிறந்தார் வருகின்றார். 1976-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய தமிழ்நாடு விரைவு வண்டியில், ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவை இரண்டு இரவும் ஒரு பகலும் கடந்து, விடியற்காலையில் புதுதில்லி நிலையத்தில் இறங்குகின்றார். ஒரு கையில் துணிப்பை. மறு கையில் வடுமாங்காய்ச் சாடி. வற்றலும் அப்பளமும் முறுக்கும் பெட்டியினுள் இருக்கின்றன. ஊரின் மணம் வீடெங்கும் கமழ்கின்றது.

வந்தவருக்கு ஊர் காட்டுதல் நம் கடமை. அதனை நாம் குறைவின்றிச் செய்கின்றோம். செங்கோட்டை, குதுப்மினார், உமாயூன் கல்லறை, இந்தியா வாயில் எனப் பட்டியல் ஆயத்தமாகவே இருக்கின்றது. திங்கட்கிழமையில் செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் மூடியிருக்கும், வெள்ளிக்கிழமையில் தாஜ்மகால் மூடியிருக்கும் என்பதெல்லாம் நம் இல்லத்தரசியருக்கு மனப்பாடம். தமிழர்க்கென்று காட்டுதற்குரியனவும் உள. தேசிய அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காணலாம். பிரகதி மைதானத்தில் 2023-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற 27 அடி உயர நடராசர் திருவுருவம், சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகு வார்ப்பு முறையில் வடித்தது. காவிரிக் கரையின் கைத்திறன் தலைநகரில் நிமிர்ந்து நிற்பதை வந்தவருக்குக் காட்டுங்கால் நம் நெஞ்சும் நிமிர்கின்றது.

ஆயினும் அன்பர்களே, காட்டுவதற்கும் காண்பதற்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. நாம் கட்டடங்களைக் காட்டுகின்றோம்; வந்தவரோ நம்மைக் காண வந்திருக்கின்றார்.

எம் இல்லத்திற்குக் கும்பகோணத்திலிருந்து தமக்கையார் வந்திருந்தார். குதுப்மினார் வளாகத்து இரும்புத் தூணருகே அவரை அழைத்துச் சென்றோம். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நின்றும் அழியாத தூண் அது. இரும்பில் கலந்துள்ள பாஸ்பரஸ், அதன் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கியிருப்பதே காரணம் என்பர் அறிவியலார். இதனை அத்தைக்கு விளக்க எம் மகன் முன்வந்தான். பாதி வழியில் நின்றுவிட்டான். அவன் நாவில் இந்திச் சொல் வந்தது, ஆங்கிலச் சொல் வந்தது; தமிழ்ச் சொல் வரவில்லை. “துரு என்று சொல், கண்ணு” என்று அத்தை எடுத்துக் கொடுத்தார். அன்று மாலைக்குள் “துரு” என்ற சொல்லை அவன் பத்து முறையேனும் சொல்லியிருப்பான். வீட்டு வாயிற்கதவின் கீலைக் கூட விட்டு வைக்கவில்லை. நூல் வைத்துக் கற்பிப்பதைவிட, வழிகாட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் தமிழ் விரைவில் வளரும் என்று அன்று கண்டோம்.

மறுநாள் செங்கோட்டை. ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்த கோட்டை என்று விளக்கினோம். யமுனைக் கரையில் கட்டியது என்றும் சொன்னோம். தமக்கையார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஆறு எங்கே, தம்பி?” என்றார். ஒரு காலத்தில் கோட்டையின் கீழ்த்திசைச் சுவரை ஒட்டி ஓடிய ஆறு கிழக்கே விலகிச் சென்றுவிட்டது; இன்று அவ்விடத்தில் சாலையே ஓடுகின்றது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர் ஆற்றைக் காணாமல் மனம் அமைவாரா? பட்டியலில் இல்லாத யமுனைக் கரைக்கு அவரை அழைத்துச் சென்றோம்.

கறுத்து மெலிந்த அந்நீரை அவர் நெடுநேரம் நோக்கி நின்றார். “நம் அரசலாற்றிலும் தண்ணீர் இல்லாத நாள்தான் மிகுதி” என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: “அம்மாவுக்கு வலக்கண் மங்கிக்கொண்டே வருகிறது. அறுவை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். உனக்குச் சொன்னால் வேலையை விட்டு ஓடி வருவாய் என்று அம்மாதான் தடுத்துவிட்டார்.” இரண்டு நாள் கோட்டைகளிடையே வாராத சொல், ஆற்றங்கரையில் வந்தது. பொங்கல் கழிந்ததும் அறுவை என்றும், முதல் பதினைந்து நாள் நாம் ஊரில் தங்குவது என்றும், செலவை இருவரும் பகிர்ந்துகொள்வது என்றும் அன்றிரவே முடிவு செய்தோம். அறுவையும் நன்கு முடிந்தது.

இதனை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. வெளியூரில் வாழ்வோர் வீட்டு வாடகையையும் வேலைச் சுமையையும் ஊருக்குச் சொல்வதில்லை. ஊரில் இருப்போர் பெற்றோரின் தளர்ச்சியையும், தாம் தனித்துத் தாங்கும் பாரத்தையும் நமக்குச் சொல்வதில்லை. இரு சாராரும் அன்பினாலேயே மறைக்கின்றனர். நாள்தோறும் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் இக்காலத்திலும், “எல்லாரும் சௌக்கியம்” என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. உடன் அமர்ந்து, உடன் நடந்து கழிக்கும் சில நாள்களே அத்திரையை விலக்கவல்லவை.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உடன்பிறந்தார் வருங்கால் நினைவுச் சின்னங்கள் அனைத்தையும் காட்டுங்கள். நம் தலைநகரின் பெருமை அது. அதனோடு ஒரு நாளை எத்திட்டமும் இன்றி ஒதுக்குங்கள். காலையில் பால் வாங்கவும், மாலையில் காய்கறிச் சந்தைக்கும், நாம் நாளும் நெருக்கியடித்து ஏறும் மெட்ரோ வண்டிக்கும் அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் வாழ்வை உள்ளவாறு அவர் காணட்டும். பிள்ளைகள் தமிழில் வழி சொல்லட்டும். இரவில் உணவு முடிந்தபின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, “அம்மா உண்மையில் எப்படி இருக்கிறார்?” என்று கேளுங்கள்.

வந்தவர் திரும்பும்போது பெட்டியில் கரோல்பாக்கில் வாங்கிய கம்பளிச் சால்வை இருக்கும். நெஞ்சில் பாரம் பாதி குறைந்திருக்குமாயின், அதுவே நாம் செய்த நல்விருந்து.