வறுமையை அளந்த கோல்

(ஊராட்சிச் செயலர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நலத் திட்டங்களைச் சீர்திருத்துவதில் கொள்கை ஆய்வின் பங்கு குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். ஆய்வு என்பது தலைநகரங்களில் அறிஞர்கள் செய்யும் காரியம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முற்றும் சரியன்று. 2002-ஆம் ஆண்டின் ஊரக வறுமைக்கோட்டுக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம்.

அதில் குடும்பம் ஒன்றுக்குக் கேள்விகள் 13. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆக மொத்தம் 52. குறைந்த மதிப்பெண் பெற்றவரே ஏழை. நிலம், வீடு, துணிமணி, கடன் யாவும் எண்களாயின. பார்வைக்கு நேர்மையான முறைதான். ஆனால் சற்று உள்ளே நுழைந்து பாருங்கள். சொந்தக் கழிப்பறை இருந்தால் 4. திறந்தவெளிக்குச் செல்வோர்க்கு 0. பிள்ளை வேலைக்குப் போகாமல் பள்ளிக்குச் சென்றால் 4. பள்ளியின்றி வேலைக்குச் சென்றால் 0. கழிப்பறை கட்டுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னவர்களும் அரசு ஊழியர்களே! அச்சொல்லைக் கேட்டு நடந்த கூலித் தொழிலாளிக்கு 8 மதிப்பெண் ஏறியது; பட்டியல் அவரை விட்டு விலகியது. போதாக்குறைக்கு, ஏழைகளின் எண்ணிக்கை திட்டக் குழுவின் மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டலாகாது என்ற வரம்பும் இருந்தது. எண்ணத் தொடங்குமுன்பே விடை ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இக்குறைகளை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2008-இல் என்.சி. சக்சேனா தலைமையில் வல்லுநர் குழு அமைந்தது. 2009-இல் அறிக்கை வந்தது. ஐயமின்றி வசதியுள்ளோரை நேரே நீக்குக, ஆதரவற்றோரை நேரே சேர்த்திடுக என்றது அக்குழு. 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு இவ்வழியைப் பெரிதும் தழுவியது. வீடற்றோர், இரந்து வாழ்வோர், கையால் மலம் அள்ளுவோர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோர் மதிப்பெண் இன்றியே சேர்க்கப்பட்டனர். 2016-இல் வந்த பிரதம மந்திரி ஊரகக் குடியிருப்புத் திட்டத்துக்கு இக்கணக்கே அடிப்படையாயிற்று. கிராம சபை அதைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் விதியாயிற்று.

புதிய கோலும் பழுதற்றதன்று. இருசக்கர வாகனம், குளிர்பதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி இருந்தால் வீடு இல்லை என்றார்கள். பழைய வண்டியில் வேலைக்குச் செல்லும் கொத்தனார் செல்வந்தரா? அவ்விதிகள் 2024-இல்தான் கைவிடப்பட்டன. அதுவரை ஒழுகும் கூரையின் கீழ் எத்தனை மழைக்காலங்கள் கழிந்தன!

கிராம சபையில் பட்டியலிலுள்ள பெயர்களைப் படிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வெளியே நிற்பவர் யார், எந்த விதியால் நின்றார் என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு படியை எனக்கு அனுப்புங்கள். மேலிடத்துக்கு நான் எழுதும்போது எனக்கு வேண்டிய சான்று அதுவே.