விடுதலை தேடிய இருவர்



விடுதலை என்னும் சொல்லைக் கையாளாத கவிஞர் இல்லை. அச்சொல்லின் விலை என்ன என்று எண்ணச் செய்யும் திரைப்படம் ஒன்று உண்டு. 1969இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஈசி ரைடர்' அது. டென்னிஸ் ஹாப்பர் இயக்க, பீட்டர் ஃபோண்டா தயாரிக்க, அவ்விருவருமே முதன்மை வேடங்களை ஏற்றனர். கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படைப்புக்கான பரிசை அது பெற்றது. வியட்நாம் போரையும் முன்தலைமுறையின் வாழ்க்கைமுறையையும் மறுத்து எழுந்த இளைஞர்கள் அதில் தம் முகத்தைக் கண்டனர்.

கதை எளியது. வயட், பில்லி என்னும் நண்பர்கள் மெக்சிகோவில் வாங்கிய கொக்கெய்னை லாஸ் ஏஞ்சல்ஸில் விற்றுப் பெரும்பணம் ஈட்டுகின்றனர். நியூ ஆர்லியன்ஸ் நகரின் மார்டி கிரா திருவிழாவைக் காண மோட்டார் சைக்கிள்களில் கிழக்கு நோக்கிப் புறப்படுகின்றனர். புறப்படுமுன் வயட் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எறிகிறான். பணத்தை மட்டும் எறியவில்லை. நாட்டுக்கொடி தீட்டிய பெட்ரோல் டேங்கினுள் அது ஒளிந்திருக்கிறது. படத்தின் முரண் முழுவதும் இவ்விரு காட்சிகளில் அடங்கிவிடுகிறது.

வழியில் ஓர் உழவன் குதிரைக்கு லாடம் அடிக்கிறான். அருகிலேயே இவர்கள் வண்டிச் சக்கரத்தைச் செப்பனிடுகின்றனர். நிலத்தை நம்பி, நிறைந்த குடும்பத்தோடு, தன் பொழுதைத் தானே ஆளும் அம்மனிதனை வயட் மனமாரப் போற்றுகிறான். தேடிப் புறப்பட்டது அங்கே இருக்கிறது. எனினும் வண்டிகள் நிற்கவில்லை.

சிறையில் நண்பராகும் வழக்கறிஞர் ஹான்சனாக ஜாக் நிக்கல்சன் நடித்தார். விடுதலையைப் பேசுவது வேறு, விடுதலையோடு வாழ்வது வேறு. சந்தையில் விலைபோனவர்கள் கட்டற்றவனைக் கண்டால் அஞ்சுவர், அச்சமோ அவர்களைக் கொடியவராக்கும் என்பது ஹான்சனின் கருத்து. அன்றிரவே அவர் உறக்கத்தில் அடித்துக் கொல்லப்படுகிறார்.

பயணத்தின் முடிவில், செல்வராகிவிட்டோம் என்று பில்லி மகிழ, எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டோம் என்கிறான் வயட். காரணம் சொல்லவில்லை. அடுத்துவரும் சாலையில், சரக்கு வண்டியில் வந்த முன்பின் அறியாத இருவர் அவர்களைத் துப்பாக்கிக்கு இரையாக்குகின்றனர்.

கொன்றவர்களின் வெறுப்பைப் படம் மன்னிக்கவில்லை. மாண்டவர்களைத் தியாகிகளாக்கவும் இல்லை. இந்த நேர்மையே கவிஞர்கள் எண்ணத்தக்கது. யாப்பை உடைப்பது கடிகாரத்தை எறிவது போன்றது. ஒரு நொடியில் ஆகிவிடும். புகழாசையும் பரிசாசையும் உள்ளே ஒளிந்திருப்பின், எத்தனை தொலைவு ஓடினாலும் கவிதை அவற்றையும் சுமந்தே ஓடும். ஒவ்வொரு கவிஞரும் தம் டேங்கைத் திறந்து பார்க்கட்டும்.