ஈழத் தந்தை செல்வநாயகனார்: வழக்குமன்றிலிருந்து வட்டுக்கோட்டை வரை



அரசியல் தலைவர் என்றதும் இடிமுழக்கப் பேச்சையும் எதுகை மோனை அடுக்கையும் எதிர்பார்ப்பது தமிழ்நாட்டு வழக்கமாகிவிட்டது. ஈழத் தமிழரை ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் வழிநடத்திய செல்வநாயகனாரிடம் இவ்விரண்டும் இல்லை. ஒலிபெருக்கியின் முன் நின்றாலும் முன்வரிசையினர் செவியைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டிய மெல்லிய குரல் அவருடையது. முதுமையில் நடுக்குநோயும் அவரைப் பற்றிக்கொண்டது. ஆயினும் அக்குரலுக்கு யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் திருகோணமலையும் செவிசாய்த்தன.

1898 மார்ச்சு 31ஆம் நாள் மலேயாவின் ஈப்போ நகரில் பிறந்தவர் அவர். வளர்ந்தது யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்று, ஆசிரியராகச் சில காலம் இருந்து, பின்னர்ச் சட்டம் பயின்று, கொழும்பில் உரிமை வழக்குகளில் பெயர் பெற்ற வழக்குரைஞரானார். கிறித்தவர்; அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்த காங்கேசன்துறைத் தொகுதி மக்களோ பெரும்பாலோர் சைவர். தமிழ் ஒன்றே அவர்களை இணைத்தது.

1947இல் கணபதிப்பிள்ளை காங்கேசர் பொன்னம்பலனார் தலைமையிலான தமிழ்ப் பேராயக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழரை நாடற்றவராக்கியது. அச்சட்டத்தின் சூழ்ச்சி நுட்பமானது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த காலத்தில் கொழுந்து கிள்ளிய ஏழைகள் எங்கிருந்து சான்று கொணர்வர்? ஏறத்தாழ 7 இலக்கம் மக்கள் ஒரு சட்டத்தால் உரிமையிழந்தனர். அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. ஆயினும் தொகுதிகளை வகுக்கும்போது அவர்தம் தலைகளும் எண்ணப்பட்டன. எண்ணிக்கை தமிழனுடையது, அதனால் வந்த இருக்கை சிங்களவனுடையது! 1947இல் மலையகத் தமிழர் தாமே தேர்ந்தனுப்பிய உறுப்பினர் மன்றத்தில் இருந்தனர்; 1952இல் அவர்களுள் ஒருவரும் இல்லை.

பொன்னம்பலனார் அமைச்சரானார். செல்வநாயகனார் வெளியேறினார். யாழ்ப்பாணத்தார்க்கு அச்சட்டத்தால் நேரடி இழப்பு எதுவுமில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் தொகுதியில் ஒரு வாக்கும் பெற்றுத்தராத மக்களுக்காக அவர் பிரிந்தார். 1949 திசம்பர் 18இல் கொழும்பு மருதானையில் வன்னியசிங்கனார், நாகநாதனார் முதலியோருடன் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். கூட்டாட்சியே அதன் கொள்கை. 1952இல் மக்கள் அதனை ஏற்கவில்லை. கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள்; தலைவரே காங்கேசன்துறையில் தோற்றார்.

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோதுதான் அவர் சொன்னதன் பொருள் விளங்கிற்று. கட்சி அவ்வாண்டுத் தேர்தலில் பத்து இடங்கள் பெற்றது. சூன் 5ஆம் நாள் நாடாளுமன்றத்துக்கு அருகே காலிமுகத் திடலில் அறப்போர்க்கு அமர்ந்தவர்களைச் சிங்கள வன்கூட்டம் அடித்துத் துவைத்தது. காவலர் பார்த்து நின்றனர். அமிர்தலிங்கனார் தலையில் கட்டுடன் மன்றத்துக்குள் நுழைந்தார்.

1957 சூலை 26இல் தலைமையமைச்சர் பண்டாரநாயக்காவோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. வட்டார மன்றங்கள், வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் ஆட்சிப்பணி, குடியேற்றத்தில் அம்மன்றங்களுக்கு உரிமை என்பன அதன் உறுப்புகள். கூட்டாட்சியை நோக்க இது மிகச் சிறிது. மலையகத்தார் குடியுரிமையோ பின்னர்ப் பார்க்கப்படும் என்றளவில் நின்றது. கட்சியினர் சிலரே முணுமுணுத்தனர். அந்தச் சிறிதும் நிலைக்கவில்லை. எதிர்த்துக் கண்டிக்கு நடைசெலவு தொடங்கினார் செயவர்த்தனா, 1958 ஏப்பிரலில் புத்தத் துறவியர் தலைமையமைச்சரின் இல்லத்து முற்றத்தில் அமர்ந்தனர், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே தமிழர் குருதி தெருவில் ஓடிற்று.

1961இல் மாவட்டச் செயலகங்களின் வாயில்களை மறித்துத் தமிழர் இரு மாதங்கள் அறப்போர் நடத்தினர். தமிழரசு அஞ்சல்தலையும் வெளியிட்டனர். படை வந்தது; தலைவர்கள் பனாகொடையில் சிறைவைக்கப்பட்டனர். 1964இல் தில்லியும் கொழும்பும் தமிழரைக் கேளாமலே அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளப்படுவராம். மூட்டைகளைக்கூட இப்படிப் பிரிப்பதில்லை.

இத்தனைக்குப் பின்னும் 1965இல் தட்லி சேனநாயக்காவை நம்பி இரண்டாம் ஒப்பந்தம் செய்து, அவ்வாட்சிக்குத் துணைநின்றது தமிழரசுக் கட்சி. மாவட்ட மன்றச் சட்டவரைவு 1968இல் கைவிடப்பட, வெறுங்கையோடு வெளியேறிற்று. செல்வநாயகனாரின் அரசியலில் பொறுக்கவியலாத பகுதி இம்மூன்றாண்டுகளே. ஒருமுறை கிழிக்கப்பட்ட தாளுக்கு மறுமுறை கையொப்பமிட்ட இந்த நம்பிக்கையை இளைஞர்கள் மன்னிக்கவில்லை.

1972 மே 22இல் வந்த குடியரசுச் சட்டம் புத்தத்துக்கு முதலிடம் தந்தது. சிங்கள ஆட்சிமொழியைச் சட்ட அரணுக்குள் வைத்தது. அவ்வாண்டு அக்தோபர் 3ஆம் நாள் செல்வநாயகனார் தம் உறுப்பாண்மையைத் துறந்தார். இச்சட்டத்தைத் தமிழர் ஏற்றனரா என்பதைக் காங்கேசன்துறையில் என்னோடு போட்டியிட்டு அறிந்துகொள்ளுங்கள் என்பதே அரசுக்கு அவர் விடுத்த அறைகூவல். குடியாட்சி நெறியில் இதனினும் நேர்மையான வினா உண்டா? அரசு ஓராண்டு கடத்தியது, இரண்டாண்டு கடத்தியது. நோயுற்ற முதியவர் காத்திருந்தார். 1975 பிப்பிரவரி 6இல்தான் இடைத்தேர்தல் நடந்தது. ஆளுங்கூட்டணியின் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளரைவிட 16,000க்கும் மேற்பட்ட வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். தமிழரின் இறைமையை மீட்க மக்கள் அளித்த ஆணையாகவே அவ்வெற்றியை அவர் அறிவித்தார். கூட்டாட்சி என்று கால் நூற்றாண்டு கேட்ட வாய் தனியரசு என்று கேட்கத் தொடங்கிற்று. அதற்கு வழியமைத்தவர் கொழும்பில் இருந்தவரே.

1976 மே 14இல் வட்டுக்கோட்டை மாநாடு, அவர் தலைமையில், தமிழீழத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அத்தமிழீழத்தின் எல்லைக்குள் மலையகம் இல்லை. தொண்டைமானாரின் தொழிலாளர் அமைப்பு தனியரசுக் கோரிக்கையிலிருந்து விலகி நின்றது. எம்மக்களுக்காகக் கட்சி பிறந்ததோ அம்மக்கள் அதன் இறுதி முடிவுக்கு வெளியே நின்றனர்.

1977 ஏப்பிரல் 26இல் செல்வநாயகனார் மறைந்தார். மூன்று திங்கள் கழித்து நடந்த தேர்தலில், அவர் அமைத்த கூட்டணி 18 இடங்களில் வென்று எதிர்க்கட்சியாயிற்று. மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்ற தமிழர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் கொழும்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2003இல்.